ஈர மலைக்காட்டில் பறவைப் பாட்டும் நடத்தையும்: ஓடை இரைச்சல், மூடுபனி, கலப்புக் கூட்டம் – எப்படிச் சமாளிப்பது?

மஞ்சுமலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மூடுபனி அடிக்கடி இறங்கும் மலைக்காட்டில் பறவைகளின் பாட்டைப் பதிவு செய்து, கூடவே அவை என்ன செய்கின்றன என்றும் எழுதிவைக்க வேண்டும். குளக்கரையிலும் வயல்வெளியிலும் கைகொடுக்கிற முறை எதுவும் இங்கே எடுபடவில்லை. பழைய இழைகளைத் தேடினால் எந்த மைக், எந்த பைனாக்குலர் வாங்குவது என்பதுதான் நிறைய இருக்கிறது. வாங்கியதை ஈரத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பதைக் காணோம்.

சிக்கல்கள் இவைதான். பதிவில் ஓடைச் சத்தம் முன்னால் நிற்கிறது, பறவை எங்கோ பின்னால் கேட்கிறது. மைக் ஆரம்பத்தில் சரியாக இருந்து, ஒரு மணி நேரம் போனதும் பொரிகிற மாதிரி படபடக்கிறது. மழையே இல்லாத நாளிலும் சொட்டுச் சத்தம் விழுகிறது. கலப்புக் கூட்டம் வந்தால் பத்துப் பதினைந்து இனங்கள் சில நிமிடங்களில் கடந்துவிடுகின்றன. எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியவில்லை. புதருக்குள் பாடுகிற பறவை கண்ணில் படுவதே இல்லை.

கையில் இருப்பது 8×42 பைனாக்குலர், சிறிய ரெக்கார்டர், ஒரு ஷாட்கன் மைக் (முன்னால் வரும் ஒலியை மட்டும் கூர்ந்து பிடிக்கும் நீள மைக்). வேறு ஏதாவது கட்டாயம் வேண்டுமா, இதை வைத்தே ஒப்பேற்றலாமா?

---

ஒலிப்பெட்டி

இதை வைத்தே தாராளமாகச் செய்யலாம். ஒலிப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன், நடத்தை பற்றி மற்றவர்கள் வருவார்கள்.

"மூடுபனி சத்தத்தை விழுங்கிவிடுகிறது" என்ற பேச்சை முதலில் ஓரம் கட்டுங்கள். காற்றில் ஈரம் கூடினால் உயர்ந்த சுருதி ஒலிக்கு நல்லதுதான். 15 டிகிரி செல்சியஸில் 8 கிலோஹெர்ட்ஸ் ஒலி 100 மீட்டர் வருவதற்குள், ஈரப்பதம் 20 சதவீதமாக இருந்தால் காற்று மட்டுமே சுமார் 20 டெசிபலைத் தின்றுவிடும். 50 சதவீதத்தில் அது 13, 80 சதவீதத்தில் 8. 1 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கோ ஈரக்காற்றில் அரை டெசிபல்கூடப் போகாது. உங்கள் பதிவைக் கெடுப்பவை இலையும் பாசி படர்ந்த கிளைகளும் ஓடையும்தான். இலைகள் உயர்ந்த சுருதியைச் சிதறடிக்கின்றன. தண்டுகளில் பட்டுத் திரும்பும் எதிரொலி வேகமான சுரங்களை ஒன்றோடொன்று பூசிவிடுகிறது. அடர்காட்டுப் பறவைகள் பலவற்றின் பாட்டு நீண்ட, தாழ்ந்த சீழ்க்கையாக இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். விதிவிலக்குகள் ஏராளம்.

ஓடைக்கு வருவோம். ஓடை நீளமான கோடு, பறவை ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து வரும் ஒலி, தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். கோட்டிலிருந்து வருவது 3 தான் குறையும். ஆகவே ஓடையிலிருந்து 20 மீட்டரில் நிற்பவர் மூச்சு வாங்க ஏறி 40 மீட்டருக்குப் போனாலும் கிடைப்பது 3 டெசிபல். பறவைக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தை 20 மீட்டரிலிருந்து 10 ஆக்கினால் 6 கிடைக்கும். நெருங்கினால் பாட்டை நிறுத்திவிடும் பறவை என்றால் அந்தக் கணக்கு உதவாது. அப்போது மறைப்பைத் தேடுங்கள். பெரிய பாறை, மண்மேடு, பாதையின் வளைவு எதுவானாலும் ஓடை கண்ணில் படாத இடத்துக்கு ஓரிரு அடி நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும், முக்கியமாக 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே.

ஷாட்கன் மைக்கின் முதுகை ஓடைக்கு நேராகக் காட்டினால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் பெரும்பாலான ஷாட்கன்களுக்கு நேர் பின்னால் ஒரு சிறு காது உண்டு. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மைக்கை மெதுவாகத் திருப்புங்கள். ஓடைச் சத்தம் சட்டென்று வடிகிற கோணம் ஒன்று பக்கவாட்டுக்கும் பின்புறத்துக்கும் நடுவே இருக்கும். ஓடையை அந்தக் கோணத்தில் வைத்துக்கொண்டு, மைக்கின் மூக்கு பறவையை நோக்கும்படி நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். ஹெட்ஃபோன் இல்லாமல் இதைச் செய்யவே முடியாது. கட்டாயம் வேண்டியது என்று கேட்டீர்களே, அது இதுதான்.

பரவளையக் கிண்ணம் (ஒலியைக் குவித்து மைக்குக்கு அனுப்பும் கிண்ணம்) வாங்கலாமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். கிண்ணத்தின் விட்டத்தைவிட அலைநீளம் பெரிதானால் அது பெருக்காது. 55 செ.மீ. கிண்ணம் என்றால் சுமார் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுமில்லை. அதற்கு மேலே சுருதி ஏற ஏறப் பெருக்கமும் ஏறும். புறா, ஆந்தைக்கு வீண். தொலைவில் பாடும் சிறு பறவைக்குப் பிரமாதம், ஆனால் பாட்டின் இயல்பான குரல் சாய்ந்துவிடும். மூடுபனியில் கிண்ணத்தின் மேல் விழும் ஒவ்வொரு சொட்டும் தம்பட்டம்.

அமைப்புகள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். எம்பி3 வேண்டாம், பின்னால் அளக்க உட்கார்ந்தால் மெல்லிய சுரங்களின் ஓரம் காணாமல் போயிருக்கும். தானியங்கி கெயின் (ஒலியளவைக் கருவியே ஏற்றி இறக்கும் வசதி) கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும். அது இரண்டு பாட்டுக்கு இடைப்பட்ட அமைதியில் ஓடையை ஏற்றிவிடும், பறவை பாடத் தொடங்கியதும் முதல் சுரத்தை நசுக்கும். உச்சம் ரெக்கார்டர் காட்டும் அளவில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி கையால் வையுங்கள். உரத்த பறவை என்றால் இன்னும் கீழே. அமேசான் வடபகுதி மலைகளில் வாழும் வெண் மணிப்பறவையின் குரலை ஒரு மீட்டர் தூரத்துக்குக் கணக்கிட்டால் 125 டெசிபல் என்று 2019இல் அளந்து வெளியிட்டார்கள். அந்த மாதிரி ஆசாமி அருகில் திடீரென்று ஆரம்பித்தால் வெட்டுப்பட்ட அலைதான் மிஞ்சும். ரெக்கார்டரில் முன்பதிவு வசதி இருந்தால் போட்டுவையுங்கள். பொத்தானை அழுத்துவதற்குச் சில விநாடி முன்பிருந்தே பதிவாகும்.

லோ-கட் வடிகட்டியை (தாழ்ந்த ஒலியை வெட்டுவது) 100 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள், கை உராய்வும் காற்றும் போகும். ஓடைக்குப் பயந்து 1 கிலோஹெர்ட்ஸில் வெட்டாதீர்கள். வெட்டுவதென்றால் வீட்டில், நகலில்.

படபடப்புக்கு வருவோம். சாதாரண கண்டென்சர் மைக்கில் மெல்லிய தகட்டுக்கும் பின்தட்டுக்கும் நடுவே மின்னூட்டம் நிற்க வேண்டும். குளிர்ந்த மைக்கில் ஈரம் படிந்ததும் மின்னூட்டம் கசியத் தொடங்கும். அந்தக் கசிவுதான் பொரிகிற சத்தம். மைக் செத்துவிடவில்லை, காய்ந்தால் சரியாகும். வாயால் ஊதாதீர்கள், ஊதுவதும் ஈரம்தான். தடுப்பதற்கு: இரவு முழுவதும் மைக்கை சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான பெட்டியில் வைத்துவிட்டு, கிளம்பும்போது சட்டைக்குள் வைத்துக்கொண்டு போங்கள். சுற்றியுள்ள காற்றைவிட மைக் சற்றுச் சூடாக இருக்கும்வரை அதன்மேல் ஈரம் படியாது. பணி முடியும்வரை மின்சாரத்தை அணைக்காதீர்கள். ரேடியோ அலைவரிசை முறையில் இயங்கும் கண்டென்சர்கள், சென்ஹைசர் எம்கேஹெச் வரிசை போல, இந்தத் தொல்லைக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அவை கிடைக்காவிட்டால் ஈரம் சொட்டும் நாளுக்கென்று காய்ந்த இன்னொரு மைக்கை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். ரோமம் வைத்த காற்றுத் தடுப்பு உறை நனைந்தால் உயர்ந்த சுருதியை அமுக்கிவிடும், அதனால் உறையும் இரண்டு வேண்டும்.

மழையில்லாத சொட்டு: மேகம் மரத்தில் மோதி, இலையிலும் பாசியிலும் நீராகத் திரண்டு, மரத்தடியில் சொட்டுகிறது. அந்த நேரத்தில் நனையாத இடம் மரத்தடி அல்ல, வெட்டவெளி. மூடுபனி நாளில் மரத்துக்குக் கீழே ஒதுங்கும் பழக்கத்தை விட்டு, விதானத்தில் இடைவெளி உள்ள இடமாகப் பார்த்து நில்லுங்கள். மழை பெய்து ஓய்ந்த பிறகு இது இன்னும் முக்கியம். வானம் விட்ட பிறகும் மரம் விடாது.

---

தவிட்டுச்சிலம்பன்

ஒலிப்பெட்டி சொன்னதற்கு மேல் ஒலியில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நடத்தைக்கு வருகிறேன்.

ஈர மலைக்காட்டில் எழுதப்படும் குறிப்பேடுகளில் பெரும்பாலும் இருப்பது "பாடியது" என்ற ஒரு சொல். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பாட்டு யாருக்கு, எதற்குப் பிறகு, எது வந்ததும் நின்றது என்பவைதான் நடத்தை. ஒரு பறவை பாடுவதைக் கண்டால் குறைந்தது ஐந்து நிமிடம் அதை விடாதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை பாட்டு, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்க எத்தனை விநாடி, தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் அமர்ந்திருந்தது, பாட்டுக்கு நடுவே இரை தேடியதா, அதே இனம் எங்காவது பதில் சொன்னதா, சொன்னது என்றால் முதல் பறவையின் பாட்டு முடிந்த பிறகா அல்லது மேலேயே ஏறிக்கொண்டா. இந்தக் கடைசி விஷயத்தைக் காட்டில் கண்டிப்பாக எழுதுங்கள். பதிவில் மைக்கை நோக்கிய பறவை மட்டும்தான் தெளிவாக இருக்கும், பதில் சொன்னது ஓடையில் மூழ்கியிருக்கும்.

ஒரே பறவையைத் தொடர்ந்து பார்ப்பது ஒரு முறை. குறித்த இடைவெளியில், சொல்லப்போனால் நிமிடத்துக்கு ஒரு தடவை, கண்ணில் படும் எல்லாப் பறவையும் அந்தக் கணத்தில் என்ன செய்கின்றன என்று வரிசையாக எழுதுவது இன்னொன்று. விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974இல் இந்த முறைகளைப் பிரித்து எழுதிய பிறகு நடத்தை ஆய்வில் எல்லோரும் இவற்றைத்தான் கையாள்கிறார்கள். அடர்காட்டில் இரண்டாவது முறை சிக்கலானது. வெளியே தெரியும் கிளையில் இருப்பவை மட்டும் பட்டியலில் ஏறும், பாசிக்குள் இருப்பவை இல்லாமலே போகும். அதனால் பாடும் பறவைக்கு முதல் முறை, கலப்புக் கூட்டத்துக்கு இரண்டையும் கலந்து.

கலப்புக் கூட்டத்தை இப்படிக் கையாளுங்கள். சத்தம் நெருங்கும்போதே ரெக்கார்டரை ஓடவிடுங்கள். முதல் அரை நிமிடம் பைனாக்குலரைத் தூக்க வேண்டாம். வெறும் கண்ணால் பார்த்து எந்த இனம் முன்னால் போகிறது, எது பின்னால் வருகிறது, கூட்டம் சரிவில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைச் சேர்த்துவைக்கும் இனம் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே போகும் அதை மற்றவை பின்தொடரும். இலங்கையின் சிங்கராஜக் காட்டில் அந்த வேலையைச் செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்களும் கொண்டைக் கரிச்சானும் பார்க்கின்றன. அதன் பிறகு பைனாக்குலர்: ஒரு பறவை, ஒரு பதிவு, அடுத்த பறவை. உயரம், எங்கே (உயிருள்ள இலை, காய்ந்த இலைச்சுருள், பாசி, பட்டை, காற்றில்), எப்படி (பொறுக்கியது, பாய்ந்து பிடித்தது, தலைகீழாகத் தொங்கிக் கொத்தியது, அலகை நுழைத்துத் துழாவியது). கண்ணில் பட்ட முதல் செயலை எழுதாதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணி, அதன் பிறகு அது செய்யும் முதல் செயலை எழுதுங்கள். காரணம் உண்டு: பாய்ந்து ஈ பிடிக்கும் பறவை சட்டென்று கண்ணில் படும், இலைக்கடியில் ஊர்ந்து பொறுக்குவது படாது. முதல் செயலையே எழுதினால் காடு முழுக்க ஈப்பிடிப்பான்கள்தான் இருப்பதுபோல் ஆகிவிடும்.

கூட்டம் போகும்போது எழுத நேரம் இருக்காது, பேச்சாகத்தான் பதிய முடியும். ஃபோனில் தனியாகப் பேசுங்கள். பாட்டுப் பதியும் ரெக்கார்டரில் பேசினால் உங்கள் குரல் பாட்டின் மேல் விழும். தொடங்கும்போது இரண்டும் ஓடும் நிலையில் ஒரு விரல் சொடுக்கு. பிறகு இரண்டையும் அதை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம்.

இன்னும் சில பொறிகள். பாடுவது ஆண் என்று எழுதிவிடாதீர்கள். வெப்பமண்டலப் பறவைகளில் பெண் பாடும் இனங்கள் நிறைய. ஈக்வடாரின் ஆண்டிஸ் மலை மூங்கில் புதர்களில் வாழும் ஒருவகை ரென் பறவையில் (சாதாவால் ரென் என்போம்) ஆணும் பெண்ணும் மாறி மாறி ஒவ்வொரு அசையாகப் பாடி, கேட்பவருக்கு ஒரே பறவை பாடுவதாகத் தோன்றவைக்கின்றன. ஆகவே ஒரே தொடரில் குரல் இடம் மாறுகிறதா என்று கவனியுங்கள். கரிச்சானின் குரலைக் கேட்டுப் பட்டியலில் மூன்று இனம் சேர்ப்பதும் அடிக்கடி நடக்கிறது. அது பிற பறவைகளின் குரலைப் போலி செய்யும். அபாயம் தெரிந்தால் அவற்றின் எச்சரிக்கை ஒலியையும் எடுத்துவிடும். கண்ணால் பார்க்காத எச்சரிக்கை ஒலியை இனத்தின் பெயரில் ஏற்ற வேண்டாம். எல்லா ஒலியும் தொண்டையிலிருந்து வருவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். ஆண்டிஸின் மேற்குச் சரிவில் மனாகின் என்ற சிறு பறவையினம் ஒன்று இறகுகளை உரசியே சுமார் 1.5 கிலோஹெர்ட்ஸில் தெளிவான சுரம் எழுப்புகிறது. அலகு திறந்திருந்ததா, தொண்டை உப்பியதா, இறகு அசைந்ததா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பார்க்க முடியாத பறவையை இடம் பிடிப்பதற்குத் திசைகாட்டி போதும். ஓரிடத்தில் நின்று குரல் வரும் திசையின் பாகையைக் குறியுங்கள். பாதையில் 20, 30 மீட்டர் நகர்ந்து மறுபடி குறியுங்கள். இரண்டு கோடும் வெட்டுமிடம்தான் பறவை, அது இடையில் நகராமல் இருந்தால். குறுகிய பள்ளத்தாக்கில் எதிர்ச்சரிவு எதிரொலிக்கும். முதலில் காதுக்கு வருவதையே நம்புங்கள்.

---

நீர்க்கண்ணாடி

பைனாக்குலர் பற்றி மட்டும். 8×42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்லென்ஸ்) சரியான அளவு. அதிலிருந்து வெளிவரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ.; 10×42இல் 4.2. மூடுபனி மூடிய விதானத்துக்குக் கீழே, விடிகிற நேரத்தில், இந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயம். அதோடு 10 மடங்கில் கைநடுக்கமும் பனியின் மங்கலும் சேர்ந்தே பெரிதாகும்.

நைட்ரஜன் நிரப்பிய கருவியில் உள்ளே பனி படியாது, வெளிக்கண்ணாடியில் படியத்தான் செய்யும். கண்ணருகு லென்ஸில் படிவது பெரும்பாலும் உங்கள் மூச்சும் முகச்சூடும். தொங்கவிடும்போது சட்டைக்கு வெளியே விடுங்கள், பார்க்கும்போது மூக்கு வழியே கீழ்நோக்கி மூச்சு விடுங்கள். துடைக்கும் துணி காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈரத்துணி பாசித் துகளை இழுத்துக் கண்ணாடியில் கீறும்.

திரும்பி வந்ததும் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோகாதீர்கள். வெளியிலேயே காற்றுப் புகாத பைக்குள் போட்டு மூடி, உள்ளே கொண்டுவந்து, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் நீர் பைமேல் படியும், லென்ஸில் படியாது. பிறகு ஈரப்பதம் 40–50 சதவீதம் இருக்கும் பெட்டி. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் பூச்சு போய்விடும். நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லைத் தூக்கிப் போட வேண்டாம். 110–120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மறுபடி உறிஞ்சும்.

ரத்தம் உறிஞ்சும் அட்டைக்குக் காலில் உறை கட்டிக்கொள்ளுங்கள். அட்டையைப் பிடுங்கிக்கொண்டே ஐந்து நிமிடம் ஒரு பறவையை விடாமல் பார்ப்பதெல்லாம் நடக்காது.

---

மஞ்சுமலை

மூவருக்கும் நன்றி. கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள கணக்கு யோசிக்கவே இல்லாதது. இரண்டு கேள்வி மிச்சம்.

ஒன்று, மறைந்திருக்கும் பறவைக்கு அதன் பாட்டையே போட்டு வெளியே வரவழைப்பது. சிலர் தவறே இல்லை என்கிறார்கள், சிலர் கூடவே கூடாது என்கிறார்கள். இரண்டு, குரலை வைத்துப் பறவையை அடையாளம் சொல்லும் செயலி ஒரே பாட்டுக்கு மூன்று பெயர் சொல்கிறது. தானாகப் பதியும் கருவியைக் காட்டில் வைத்துவிட்டு, செயலியையே பட்டியல் போடச் சொல்லலாம் என்று ஒரு யோசனை. சரிப்படுமா?

---

ஓடைக்கரை

பாட்டைப் போட்டுக் காட்டுவது பற்றி: அளவோடு செய்யலாம். பத்துப் பதினைந்து விநாடி, தாழ்ந்த ஒலியில், பிறகு சில நிமிடம் அமைதி. பறவை பதில் சொன்னாலோ நெருங்கினாலோ அத்தோடு நிறுத்திவிட வேண்டும். கூடு இருக்கும் பக்கம், அருகிவரும் இனம், நிறைய பேர் வந்துபோகும் பாதை, இந்த மூன்று இடத்திலும் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட காடு என்றால் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

---

தவிட்டுச்சிலம்பன்

ஓடைக்கரை சொல்வது பார்க்க வருபவருக்குப் பொருந்தும். மஞ்சுமலை நடத்தையை எழுத வந்தவர். அவருக்கு நான் வேண்டாம் என்பேன், அறத்தை ஒதுக்கிவைத்தாலும்கூட. பாட்டைப் போட்ட கணத்திலிருந்து நீங்கள் பார்ப்பது, எல்லைக்குள் அந்நியன் புகுந்துவிட்டான் என்று நினைக்கும் பறவையை. பாட்டின் வேகம் மாறும், இடைவெளி சுருங்கும், இறங்கி வந்து தாழ்ந்த கிளையில் நிற்கும். அந்த உயரத்தையும் வேகத்தையும் இயல்பானதாகக் குறிப்பேட்டில் ஏற்றினால் எல்லாம் பொய். திட்டமிட்ட சோதனையாகச் செய்தால் வேறு விஷயம். தவிர்க்க முடியாமல் ஒரு தடவை செய்திருந்தாலும் அந்தப் பதிவோடு "ஒலி போட்டுக் காட்டப்பட்டது" என்று எழுத வேண்டும். சீனோ-கான்டோ போன்ற இணையப் பறவை ஒலிச் சேகரிப்புகளில் பதிவேற்றும்போதே அதற்கென்று ஒரு இடம் கேட்கிறார்கள்.

பறவை வெளியே வரவேண்டும் என்றால் வேறு வழி காத்திருப்பதுதான். பாடும் கிளை பெரும்பாலும் மாறாது. இன்று திசைகாட்டியால் இடம் பிடித்து வைத்தால், நாளை விடிவதற்கு முன்பே போய் 15 மீட்டர் தள்ளி உட்காரலாம்.

---

ஒலிப்பெட்டி

செயலி பற்றி. பேர்ட்நெட் ஒலியை 3 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மதிப்பெண் தருகிறது. அந்த மதிப்பெண் நிகழ்தகவு அல்ல. 0.8 வந்தால் பத்தில் எட்டு சரி என்று பொருள் கொள்ளக் கூடாது. ஒரு இனத்துக்கு 0.3 போதுமானதாக இருக்கும், இன்னொன்றுக்கு 0.9 கூடப் போதாது. அந்த இடத்தில் அந்த இனத்தின் துண்டுகளைப் பல மதிப்பெண்களில் எடுத்து, காதால் கேட்டுச் சரிபார்த்து, வரம்பை இனத்துக்கு இனம் நீங்களே போட வேண்டும்.

மூன்று பெயர் வருவதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. நீண்ட பாட்டு 3 விநாடி எல்லையில் துண்டாகிறது, தலை ஒரு இனம் போலவும் வால் ஒரு இனம் போலவும் தெரிகிறது. எதிரொலி சுரத்தின் வாலை நீட்டுகிறது. சொட்டு விழும் சத்தம் குறுகிய "டிக்" அழைப்பாகிவிடுகிறது. இதற்கெல்லாம் மேலே, ஈர மலைகளின் சிறு பரப்பில் மட்டும் வாழும் இனங்களுக்குப் பயிற்சிப் பதிவுகள் குறைவு. செயலிக்குத் தெரியாத பறவைக்கு அது தெரிந்த பறவையின் பெயரைத்தான் சொல்லும். பாட்டும் ஊருக்கு ஊர் மாறும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்கிளிகளைப் பாருங்கள் (பெயரில்தான் கிளி, உண்மையில் சிறு பாடும் பறவை): பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு இனம், தெற்கே இன்னொன்று, மலைத்தொகுதிகளுக்கு இடையிலும் பாட்டில் வேறுபாடு. ஒரு மலையின் பதிவை வைத்துக் கற்ற செயலி அடுத்த மலையில் தடுமாறத்தான் செய்யும்.

ஆகவே ஸ்பெக்ட்ரோகிராமில் (நேரத்தோடு சுருதி மாறுவதைக் காட்டும் படம்) நீங்களே பாருங்கள். அதற்கு ரேவன் லைட் மென்பொருள் போதும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் சாளரம் (படத்துக்காக ஒரு தடவையில் எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 512 என்றால் ஒரு துண்டு 10.7 மில்லிவிநாடி, பெரும்பாலான பாட்டுக்குச் சரியாக இருக்கும். வேகமாக அதிரும் சுரங்கள் ஒன்றாகப் பூசித் தெரிந்தால் 256க்கு இறக்குங்கள், சுரங்கள் தனித்தனிக் கோடாகப் பிரியும். நீண்ட சீழ்க்கையின் சுருதியைத் துல்லியமாக அளக்க 1024. எப்போதும் சுரத்தின் தொடக்கத்தை அளங்கள். முடிவு எதிரொலியில் கரைந்திருக்கும், அதை அளந்தால் பள்ளத்தாக்கின் நீளத்தைத்தான் அளக்கிறீர்கள். தூரத்துப் பறவைக்கு மேல் அடுக்குச் சுரங்கள் தெரியாது. "இந்தப் பறவைக்கு அவை இல்லை" என்று எழுதிவிட வேண்டாம், இலைகள் வடிகட்டிவிட்டன.

தானாகப் பதியும் கருவி நல்ல யோசனைதான், பாட்டின் நேரத்தை அறிவதற்கு. ஆடியோமாத் என்ற சிறு தானியங்கிப் பதிவுக் கருவியில் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஒற்றை ஒலித்தடம் நிமிடத்துக்குச் சுமார் 5.8 மெகாபைட் பிடிக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் நாளுக்கு 830 மெகாபைட் பக்கம். 32 ஜிபி அட்டை ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும், அதற்கு முன் மின்கலம் தாங்குமா என்று பாருங்கள். விடியலைச் சுற்றி இரண்டு மணி நேரம் மட்டும் இடைவிடாமல் பதிவது அதைவிட உபயோகம். முதல் வெளிச்சத்துக்கு அரை மணி முன்பே தொடங்குங்கள், பெரிய கண் உள்ள பறவைகளும் விதானத்தின் மேல்தட்டில் இரை தேடுபவையும் முந்திக்கொள்ளும். மேகம் அடர்ந்த நாளில் எல்லாமே தள்ளிப்போகும். அதனால் கடிகார நேரத்தோடு வானத்தின் நிலையையும் எழுதாவிட்டால் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட முடியாது. வெயில் சரிவில் விழுந்ததும் பள்ளத்திலிருந்து மேல்நோக்கிக் காற்று கிளம்பும். நல்ல பதிவுக்கான நேரம் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

கருவியைப் பொருத்தும்போது பெட்டியை மரத்தோடு ஒட்டிக் கட்டாதீர்கள், தண்டில் வழியும் நீர் பெட்டிக்குள் வழி தேடும். தண்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு குச்சி செருகி, மைக் துளை கீழ்நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும்படி கட்டுங்கள். துளையின் மேலே உள்ள நீர்காப்புச் சவ்வில் ஒரு சொட்டு தங்கினாலும் பதிவு முழுக்கத் தலையணைக்கு அடியிலிருந்து கேட்பது போலாகிவிடும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று.

---

நீர்க்கண்ணாடி

ஒன்று விட்டுப்போச்சு. கையால் பதிவு செய்யும்போது பாட்டு முடிந்ததும் பொத்தானை அணைக்காதீர்கள். பத்து விநாடி வெறும் காட்டை ஓடவிட்டு, பிறகு குரலில் சொல்லுங்கள்: தேதி, நேரம், இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், இனம், பார்த்ததா கேட்டது மட்டுமா, தூரம், என்ன செய்துகொண்டிருந்தது, வானம் எப்படி. அந்தப் பத்து விநாடி அமைதியில்தான் பின்னணி இரைச்சலை அளப்பீர்கள். ஈரத்தில் பேனா எழுதாது, பென்சிலும் தண்ணீரில் ஊறாத தாளும்தான். ஆனால் குரல் குறிப்பு ஒலியோடேயே இருக்கும், ஃபைல் பெயர் மாறினாலும் தொலையாது.

---

மஞ்சுமலை

குறித்துக்கொண்டேன். ஒரு சின்ன சந்தேகம் மட்டும்: ஓடைக்கரையிலேயே வாழும் பறவைகளுக்கு ஓடையை விட்டு விலக முடியாதே, அவற்றுக்கு?

---

ஒலிப்பெட்டி

அவற்றுக்கு ஓடை அவ்வளவு தொல்லையில்லை. ஓடையின் சக்தி பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில். அங்கே வாழும் கவைவாலிகள் (பிளந்த வால் உள்ள ஓடைப்பறவைகள்) அதற்கு மேலே ஏறி, மெல்லிய கூர்மையான குரலில் கத்துகின்றன. அந்தப் பதிவுகளுக்கு நகலில் 2 அல்லது 3 கிலோஹெர்ட்ஸில் வெட்டினாலும் பறவைக்கு ஒன்றும் ஆகாது. சீகாரப் பூங்குருவி போலத் தாழ்ந்த சீழ்க்கையில் பாடுபவைக்கு அந்த வசதி கிடையாது. அவை ஓடைக்கரைப் பாறையை விட்டு மேலே கிளையில் ஏறிப் பாடும்போது பிடியுங்கள். விடியலில் அது நடக்கும், நீர் குறைந்த மாதமாக இருந்தால் இன்னும் நல்லது. மூல ஃபைலை மட்டும் தொடாதீர்கள்.